பழைய பிக்கப்பில் ஸ்டியரிங் உதறுகிறதா? ஸ்டெபிலைசர் வாங்கும் முன் வண்டிக்கு அடியில் படுங்கள்

மணிக்கு 50 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். பாலத்தின் இணைப்பில் முன்சக்கரம் 'தடக்' என்று ஏறி இறங்கியது. அடுத்த நொடி ஸ்டியரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு இடமும் வலமும் உதற ஆரம்பித்துவிட்டது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வண்டி கிட்டத்தட்ட நிற்கும்வரை உதறல் ஓயவில்லை. அமெரிக்கப் பிக்கப்காரர்கள் இதை 'டெத் வாபிள்' (மரண உதறல்) என்பார்கள். பெயரில் மிகை இருக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலையே தவறு. உதறலை அடக்க ஸ்டியரிங் ராடில் பூட்டும் ஸ்டெபிலைசரில், இரட்டையாக வருவது ஒன்றை வரவழைத்து மாட்டினேன். மூன்று மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு அதே உதறல், முன்னைவிட மோசமாக. சொத்தைப் பல்லில் கிராம்பு வைத்த கதைதான்: வலி அடங்கியது, சொத்தை உள்ளே வளர்ந்தது.

அதனால் இந்தச் செய்முறையில் பாதி, ஸ்டெபிலைசர் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியதைப் பற்றியது. எடுத்துக்காட்டுக்கு 1994 முதல் 2002 வரை வந்த நான்கு சக்கர இழுவை டாட்ஜ் ராம் 2500-ஐ வைத்துக்கொள்கிறேன். முன்பக்கம் ஒரே தண்டாக ஆக்ஸில் (இரு சக்கரங்களையும் சேர்க்கும் அச்சு) இருக்கும் எந்தப் பழைய பிக்கப்புக்கும் இதே வழிதான். உங்கள் வண்டியில் இரண்டு முன்சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பு இருந்தால், பிரச்சினை பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும்.

ஸ்டெபிலைசர் என்ன செய்கிறது?

ஸ்டெபிலைசர் என்பது படுக்கைவசத்தில் மாட்டிய ஒரு ஷாக் அப்சர்பர். ஒரு முனை ஆக்ஸிலிலோ வண்டியின் அடிச்சட்டத்திலோ இருக்கும். மறுமுனை, சக்கரங்களைத் திருப்பும் ஸ்டியரிங் ராடில். உள்ளே எண்ணெய், சிறு துளைகள், வால்வு. மெதுவாகத் திருப்பினால் எண்ணெய் சுலபமாக வழிவிடும். சக்கரம் பள்ளத்தில் அடிபட்டு வெடுக்கென்று திரும்பப் பார்த்தால், அதே எண்ணெய் முரண்டு பிடிக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. தேய்ந்த ஜாயிண்டை அது இறுக்காது. நேராக ஓடாத வண்டியை நேராக்காது. எல்லாப் பாகமும் சரியாக இருக்கும் வண்டி, ஸ்டெபிலைசர் இல்லாமலே உதறாமல் ஓட வேண்டும்.

படி 1: டயர்

காசு அதிகம் செலவில்லாத இடத்திலிருந்து தொடங்குங்கள். காற்று அளவு, ஒருபக்கத் தேய்மானம், பேலன்ஸிங். டயரைக் கையால் தடவிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாக இருந்தால் அது ஒன்றே உதறலைக் கிளப்பப் போதும்.

படி 2: ஆட்டம் எங்கே இருக்கிறது?

இதற்கு இரண்டு பேர் வேண்டும். வண்டி சமதளத்தில், நான்கு சக்கரமும் தரையில், கியர் பார்க்கில், கைபிரேக் இழுத்து, பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, எஞ்சின் ஓட வேண்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் கையகலத்துக்கு விடாமல் ஆட்ட வேண்டும். மற்றவர் அடியில் படுத்து ஒவ்வொரு ஜாயிண்டாகப் பார்க்க வேண்டும். ஓடும் ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் கையோ சட்டையோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் மகனை உட்கார வைத்தேன். ஐந்து நிமிடத்தில் "போதுமாப்பா?" என்று குரல் வந்தது. "இன்னும் ஆட்டுடா" என்றேன். சக்கரங்களைத் திருப்பும் கம்பியான டை ராடின் முனைகள் ஒழுங்காக இருந்தன. ஸ்டியரிங்கின் பல்சக்கரங்கள் இருக்கும் ஸ்டியரிங் பாக்ஸ், சட்டத்தோடு அசையாமல் நின்றது. டார்ச்சைக் கொஞ்சம் மேலே திருப்பியபோதுதான் தெரிந்தது: டிராக் பார் சட்டத்தில் சேரும் இடத்தில், பால் ஜாயிண்டின் (குழிக்குள் உருண்டை சுழலும் மூட்டு) தண்டு தன் குழிக்குள்ளேயே 'டக், டக்' என்று குதித்துக்கொண்டிருந்தது. ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் காய்ந்து, ஓரத்தில் துருப்பொடி சிவப்பாகப் படிந்திருந்தது. விரலை வைத்தேன். கால் அங்குல ஆட்டம் விரலில் தெரிந்தது. இதை விட்டுவிட்டுத்தான் இரட்டை ஸ்டெபிலைசருக்குப் பணம் கொடுத்திருக்கிறேன்.

டிராக் பார்தான் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடித்து வைப்பது. 1994-2002 ராமில் அதன் சட்ட முனையில் பால் ஜாயிண்ட், ஆக்ஸில் முனையில் ரப்பர் புஷ். மேலே உட்கார்ந்திருக்கும் கம்மின்ஸ் டீசல் எஞ்சின் ஏறத்தாழ 500 கிலோ. அந்த எடையோடு இருபத்தைந்து வருடம் ஓடினால் எந்த ஜாயிண்டும் தேயும். ஆகவே முதல் சந்தேகம் எப்போதும் இதன் மேல்தான்.

அடுத்து ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்குங்கள். ஸ்டாண்டு கொடுக்காமல் அடியில் கை வைக்காதீர்கள். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் அசைவு தெரிகிறதா? சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயிண்டோ வீல் பேரிங்கோ போயிருக்கிறது. இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் தெரிகிறதா? டை ராட் முனையைப் பாருங்கள்.

ஸ்டியரிங் பாக்ஸின் மேலே உள்ள திருகை இறுக்கி ஆட்டத்தைக் குறைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். குறையும்தான். அளவு மீறினால் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது, உள்ளே பல்லும் தேயும். ஆரம்பநிலையில் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

தேய்ந்ததை மாற்றி, அலைன்மென்ட் பார்த்த பிறகு அடுத்த படிக்கு வாருங்கள். வண்டியின் உயரத்தை லிஃப்ட் கிட் போட்டுக் கூட்டியிருந்தால், கேஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சு பக்கவாட்டில் பார்க்கும்போது சாய்ந்திருக்கும் அளவு) எவ்வளவு என்று அலைன்மென்ட் கடையில் கேட்டு வாங்குங்கள். உயர்த்தும்போது அது குறையும். குறைந்தால் வண்டி அலைபாயும்.

படி 3: பழைய ஸ்டெபிலைசரைச் சோதிப்பது

கழற்றிக் கையில் எடுத்து அழுத்துங்கள், இழுங்கள். வாயை விரலால் பாதி அடைத்த சைக்கிள் பம்பு போல, இரு பக்கமும் ஒரே சீரான எதிர்ப்பு இருக்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் 'சளக்' என்று காலியாக ஓடினாலோ, எண்ணெய் கசிந்து மண் அப்பியிருந்தாலோ, தண்டில் கீறலோ குழாயில் நசுங்கலோ இருந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. மகனிடம் கொடுத்தபோது ஒற்றைக் கையால் உள்ளே தள்ளிவிட்டான். முடிவெடுக்க அதுவே போதுமானதாக இருந்தது.

படி 4: அளவு

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 'உங்கள் மாடலுக்குப் பொருந்தும்' என்ற பட்டியலை மட்டும் நம்பாதீர்கள். பழைய வண்டியில் முந்தைய சொந்தக்காரர் எதையெல்லாம் மாற்றினார் என்று யாருக்குத் தெரியும்?

ஸ்டியரிங்கை முழுக்க இடப்பக்கம் ஒடித்து, இரு போல்ட் மையங்களுக்கும் இடையே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வலப்பக்கம். ஒரு கணக்குக்கு, ஒரு பக்கம் 14.5 அங்குலம், மறுபக்கம் 22 அங்குலம் என்று வைப்போம். அப்படியானால் சுருங்கியபோது 14 அங்குலத்துக்கு மேல் போகாத, நீண்டபோது 22.5-க்குக் குறையாத ஸ்டெபிலைசர் வேண்டும். இரு முனையிலும் அரை அங்குலம் மிச்சம் இருக்கட்டும். மிச்சம் இல்லாவிட்டால் முழுத் திருப்பத்தில் ஸ்டெபிலைசரே தடுப்பாக நிற்கும். அப்போது தண்டு வளையும், இல்லை பிராக்கெட் பெயரும். ஒரு முனை சட்டத்தில் இருக்கும் வண்டியென்றால், ஆக்ஸில் ஏறி இறங்கும்போது அளவு மாறும். அதற்கும் சேர்த்து இடம் விடுங்கள்.

படி 5: எந்த வகை?

எண்ணெய் மட்டும் உள்ள சாதாரண வகை: டயர், வண்டியோடு வந்த அளவிலோ சற்றுப் பெரிதாகவோ இருந்து, பெரும்பாலும் தார்ச்சாலையில் ஓடினால் இதுவே போதும். விலையும் குறைவு.

நைட்ரஜன் வாயு அடைத்த ஒற்றைக் குழாய் வகை: பில்ஸ்டீன் போன்றவர்கள் செய்வது. கரடுமுரடான பாதையில் நெடுநேரம் ஓடினாலும் எண்ணெய் நுரைக்காது, வேலை ஒரே சீராக இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் வாயு தண்டை எப்போதும் வெளியே தள்ளும். புதியதில் கட்டியிருக்கும் பட்டையை அறுத்தால் தானாக நீளும், பார்க்கலாம். ஒன்றை மட்டும் மாட்டினால் ஸ்டியரிங்கை அது ஒரு பக்கமாக மெல்லத் தள்ளக்கூடும். மாட்டியதும் வண்டி ஒருபக்கம் இழுக்கிறது என்றால், அலைன்மென்ட் கடைக்கு ஓடும் முன் இதைக் கழற்றி ஓட்டிப் பாருங்கள். தண்டு இரு முனையிலும் வெளிவரும் வகையில் இந்தத் தள்ளல் இருக்காது. விலை கடிக்கும்.

இரட்டை ஸ்டெபிலைசர்: எதிரெதிராக மாட்டுவதால் தள்ளல் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். 35 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள டயருக்கு அர்த்தமுண்டு. சாதாரண 265/75 ஆர்16 டயருக்கு வீண் செலவு. ஸ்டியரிங் கனக்கும், வளைவிலிருந்து நேருக்குத் திரும்பச் சோம்பல்படும். தேய்மானத்தை மூடி மறைப்பதிலும் இதுவே கெட்டி. என் அனுபவம் மேலே இருக்கிறது.

காசை மிச்சம் பிடிக்கப் பின்சக்கர ஷாக்கையே படுக்கவைத்து மாட்டலாமா? வேண்டாம். சாதாரண ஷாக்கில் நீளும்போது எதிர்ப்பு அதிகம், சுருங்கும்போது குறைவு. ஸ்டியரிங்குக்கு இரு பக்கமும் சமமாக வேண்டும். படுக்கைவசத்தில் உள்ளே இருக்கும் காற்றும் எண்ணெயோடு கலந்துவிடும்.

படி 6: மாட்டுவது

போல்ட்டுகளுக்கு முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து விடுங்கள். பழைய ஸ்டெபிலைசரின் கூம்பு முனை ராடின் துளையில் கவ்விக்கொண்டிருக்கும். தண்டின் தலையில் அடிக்காமல், துளையைச் சுற்றியுள்ள இரும்பின் பக்கவாட்டில் சுத்தியலால் நாலு போடு போட்டால் இளகும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணெய் வகையென்றால், மாட்டும் முன் நான்கைந்து முறை முழுக்க நீட்டிச் சுருக்குங்கள். ஸ்டியரிங்கை நேராக வைத்து, இரு முனையையும் முதலில் தளர்வாகப் பூட்டுங்கள். பிறகு கடைசிவரை இடம், கடைசிவரை வலம் திருப்பி, எங்கும் இடிக்கவில்லை, பிரேக் ஹோஸில் உரசவில்லை என்று பார்த்த பிறகே, வண்டியின் சர்வீஸ் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பானர்) இறுக்குங்கள்.

முதலில் ஆளில்லாத சாலையில் மணிக்கு 30 மைல் வேகம், பிறகு 45, பிறகு 55. நூறு மைல் ஓடியதும் இரண்டு நட்டையும் மறுபடி ஸ்பானர் வைத்துப் பாருங்கள். என் வண்டியில் ஒன்று கால் திருப்பு உள்ளே போனது.