குறைக்குட்டி பிறந்தால் தாயாட்டை விற்காதீர்கள்: ஆட்டுப் பட்டியில் மரபியல் தவறுகள்

பென்னாகரம், பாலக்கோடு, தேன்கனிக்கோட்டை பக்கம் புதிதாக ஆட்டுப் பட்டி போடுகிறவர்கள் இப்போது நிறைய. கொட்டகையை எந்தத் திசை பார்த்துப் போடுவது, அடர்தீவனம் எத்தனை கிராம், குடற்புழு மருந்து எப்போது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. எந்தக் கிடாவை எந்தப் பெட்டையோடு சேர்ப்பது என்ற கணக்கில்தான் கோட்டை விடுகிறார்கள். பழைய ஆட்கள் செய்து கையைச் சுட்டுக்கொண்ட அதே தவறுகளை, அதே வரிசையில், புதுசாகக் கண்டுபிடித்தது போலச் செய்கிறார்கள்.

கணக்குக்குத் தேவையான அடிப்படை கொஞ்சம்தான். ஒவ்வொரு மரபணுவிலும் ஆட்டுக்கு இரண்டு பிரதி. தாய் கொடுத்தது ஒன்று, தகப்பன் கொடுத்தது ஒன்று. ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்களுக்கு அல்லீல் என்று பெயர். ஒடுங்கு அல்லீல் என்றால் இரண்டு பிரதியும் அதுவாக இருந்தால்தான் குறை வெளியே தெரியும். ஒன்று மட்டும் இருந்தால் ஆடு கொழுகொழுவென்று நன்றாகவே இருக்கும். ஆனால் தன் குட்டிகளில் பாதிக்கு அதைக் கொடுத்துவிடும். இதுதான் கடத்தி. பட்டியில் 40 ஆடு என்றால் 80 பிரதி. அந்த எண்பதில் கெட்டது எத்தனை என்பதுதான் அல்லீல் விகிதம். பட்டியின் நிலவரம் அந்த எண்ணில் இருக்கிறது. ஆட்டின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

தாயை விற்றுவிட்டுக் கிடாவை வைத்துக்கொள்வது

கோணல் காலோடோ, தாடை பொருந்தாமலோ ஒரு குட்டி பிறக்கிறது. அடுத்த வாரம் தாயாடு போச்சம்பள்ளிச் சந்தையில் நிற்கும். கேட்டால், "அந்த ஆடு ராசியில்லைங்க, தள்ளிவிட்டுட்டேன்" என்பார்கள். கிடா? "அது நல்ல கிடாங்க, உசரம் பாருங்க."

ஒடுங்கு பண்பாக வரும் குறை ஒரு குட்டியில் தெரிந்தால், தாய் எவ்வளவு கடத்தியோ தகப்பனும் அவ்வளவு கடத்தி. இரண்டு பக்கமிருந்தும் வராமல் அது வெளியே வரவே வராது. ஆக அந்தக் குட்டி கிடாவுக்கு எதிரான சாட்சி. சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்திய தாயை விற்றுவிட்டு, குற்றவாளிக்குக் கொள்ளும் புண்ணாக்கும் போட்டு வளர்ப்பதைத்தான் ஊர் ஊராகப் பார்க்கிறோம்.

எண்ணிக்கை போட்டுப் பாருங்கள். 40 பெட்டை, ஒரு கிடா (20 முதல் 25 பெட்டைக்கு ஒரு கிடா என்பதே சரி, இருந்தாலும் நடப்பது இதுதான்). பெட்டைகளில் 8 கடத்தி, 32 சுத்தம். அதாவது 80 பிரதியில் 8 கெட்டது. அல்லீல் விகிதம் 10 சதவீதம். கிடா கடத்தி. ஆளுக்கொரு குட்டி ஈன்றதாக வைத்துக்கொள்வோம். சராசரியாக என்ன வரும்?

கடத்திப் பெட்டைகள் எட்டும் ஈன்ற குட்டிகளில் 2 குறையுள்ளவை, 4 கடத்தி, 2 சுத்தம். மீதி 32 பெட்டைகளின் குட்டிகளில் 16 சுத்தம்; இன்னொரு 16 கிடாவிடமிருந்து மட்டும் வாங்கிய கடத்திகள். மொத்தத்தில் 2 குறைக்குட்டி, 20 கடத்திக் குட்டி, 18 சுத்தமான குட்டி. நம் ஆள் அந்த 2 குறைக்குட்டியின் தாய்களை விற்றுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார். தெரியாத 6 கடத்திப் பெட்டைகள் பட்டியிலேயே நிற்கின்றன. குறைக்குட்டிகளைக் கழித்துவிட்டாலும், பார்க்க நன்றாக இருக்கும் 38 குட்டிகளில் 20 கடத்தி. தாய்த் தலைமுறையில் 10 சதவீதமாக இருந்த விகிதம் ஒரே ஈற்றில் 26 சதவீதம். அவற்றில் நல்ல உயரமான ஒன்றைப் பொலிகிடாவாக நிறுத்துவார். அது கடத்தியாக இருக்க வாய்ப்பு பாதிக்கு மேல்.

இப்போது மாற்றிச் செய்யுங்கள். ஒரு பெட்டையைக்கூட விற்கவில்லை. கிடாவை மட்டும் சுத்தமான ஒன்றாக மாற்றினோம். 40 குட்டியில் 4 மட்டுமே கடத்தி, குறைக்குட்டி ஒன்றுகூட இல்லை, விகிதம் 5 சதவீதம். பெட்டை ஒரு ஈற்றில் ஒன்று இரண்டு குட்டிக்குத்தான் பொறுப்பு. கிடா நாற்பதுக்கும் பொறுப்பு.

"குறைக்குட்டியைக் கழித்துக்கொண்டே வந்தால் ஒரு நாள் தானாகப் போய்விடும்" என்று இன்னொரு சமாதானம். போகும், ஆனால் எப்போது? விகிதம் 10 சதவீதத்தில் இருக்கும் ஒரு பெரிய மந்தையில், பிறக்கும் குறைக்குட்டி அத்தனையையும் இனப்பெருக்கத்துக்கு விடாமல் கழித்தால், அடுத்த தலைமுறையில் 9.1 சதவீதம். 5 சதவீதமாகக் குறைய 10 தலைமுறை வேண்டும். ஆட்டுக்குத் தலைமுறை ஒன்றுக்கு இரண்டிலிருந்து மூன்று வருஷம் என்றால் இருபது வருஷத்துக்கு மேல். கெட்ட அல்லீலில் பெரும்பகுதி நன்றாக இருக்கும் ஆடுகளுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. கழிப்பது கண்ணுக்குத் தெரியும் கொஞ்சத்தை மட்டுமே.

எரிச்சலூட்டும் விஷயம் இன்னொன்று உண்டு. விற்ற அந்தத் தாயாடுதான் உங்களிடம் இருந்த ஒரே சோதனைக் கருவி. குறைக்குட்டி ஈன்ற பெட்டை கடத்தி என்பது நிரூபணமானது. புதுக் கிடா வாங்கினால் அதை முதலில் இந்த மாதிரிப் பெட்டைகளோடு சேருங்கள். கிடா கடத்தியாக இருந்தால் ஒவ்வொரு குட்டியும் தப்பித்து நன்றாகப் பிறக்க நாலில் மூன்று வாய்ப்பு. வரிசையாக 11 குட்டி நன்றாகப் பிறந்தால், கடத்திக் கிடா ஒன்று இப்படி ஏமாற்றித் தப்பிக்கும் வாய்ப்பு 4 சதவீதம். 16 குட்டி நன்றாகப் பிறந்தால் 1 சதவீதம். இரட்டைக் குட்டி போடும் ஆறு பெட்டை இருந்தால் சினைக்காலமான ஐந்து மாதத்தில் கிடாவின் ஜாதகம் கையில். நடுவில் ஒரே ஒரு குறைக்குட்டி விழுந்தாலும் சோதனை முடிந்தது; கிடா கடத்தி.

நிரூபணமான பெட்டை இல்லாவிட்டால் கிடாவை அதன் மகள்களோடு சேர்த்துச் சோதிக்கலாம். அதற்கு ஒரு மகளுக்கு ஒரு குட்டி வீதம் 23 குட்டி பார்த்தால்தான் 5 சதவீதத்துக்குக் கீழே வரும். யாருக்குப் பொறுமை இருக்கிறது?

கடத்தி என்று தெரிந்த கிடாவைக் காயடித்துக் கறிக்கு விற்றுவிடுங்கள். பொலிகிடா என்று சொல்லிக் குந்தாரப்பள்ளிச் சந்தையில் தள்ளிவிட்டால் பக்கத்து ஊர்ப் பட்டிக்குப் போய், இரண்டு வருஷம் கழித்து அதன் மகன் உங்கள் பட்டிக்கே விலைக்கு வரும்.

பிறவிக் குறை எல்லாம் மரபணு என்று முடிவு கட்டுவது

குட்டி பின்னங்கால் தள்ளாடினால் தாய்க்குச் சினைக்காலத்தில் தாமிரச்சத்து போதாமல் இருந்திருக்கலாம். கழுத்தில் வீக்கத்தோடு பிறந்தால் அயோடின் குறைவாக இருக்கலாம். ஒரே பருவத்தில், வெவ்வேறு கிடாக்களுக்குப் பிறந்த பல குட்டிகளில் குறை தெரிந்தால் தீவனத்தையும் தொற்றையும் சந்தேகப்படுங்கள். ஒரே கிடாவின் குட்டிகளில், வெவ்வேறு ஈற்றுகளில், அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தால் மரபணுவைச் சந்தேகப்படுங்கள். தாமிரக் குறைவு என்று நினைத்துக்கொண்டு கைக்கு வந்த அளவில் தாது உப்பு கொடுக்காதீர்கள். செம்மறிக்கு அது விஷமாகும். கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

ஓங்கு பண்பு தானாகப் பெருகும் என்று நம்புவது

இது படித்தவர்கள் செய்யும் தவறு. ஓங்கு என்றால் ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரியும் என்பது மட்டும்தான். பரவும் என்று அதில் எங்கும் இல்லை. இங்கிலாந்தில் மனிதர்களின் குட்டை விரல் என்ற ஓங்கு பண்பு பற்றி இதே குழப்பம் வந்தபோது, ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த அதே கணிதவியலாளர் ஹார்டி 1908-இல் சாதாரணப் பெருக்கல் கணக்கில் இதைத் தீர்த்து வைத்தார். அதே வருஷம் ஜெர்மனியில் வெயின்பெர்க் என்ற மருத்துவரும் தனியாக இதே முடிவைச் சொன்னார். தேர்வு, இடம்பெயர்வு, மரபணுவில் புதிய மாற்றம் எதுவும் இல்லாமல், பெரிய கூட்டத்தில் இணை எப்படி எப்படியோ அமைந்தால் விகிதம் தலைமுறை தலைமுறையாக அப்படியே நிற்கும். ஆட்டுப் பட்டியில் இந்த நிபந்தனைகள் பெரும்பாலும் பொருந்தாது என்பது வேறு விஷயம். அதனால்தான் இங்கே கிடா தேர்வுக்கு இவ்வளவு மரியாதை.

மோழைக்கு மோழை சேர்ப்பது

மோழை என்றால் கொம்பில்லாத ஆடு. வெள்ளாட்டில் கொம்பில்லாத தன்மை ஓங்கு பண்பு. ஓங்கு பண்பாக இருந்தும் பெரும்பாலான ஆடுகளுக்குக் கொம்பு இருப்பதைப் பாருங்கள். முட்டாது, வலையில் மாட்டாது என்று மோழைக் கிடாவையும் மோழைப் பெட்டையையும் தேடித்தேடிச் சேர்க்கிறார்கள். அந்த அல்லீல் இரட்டையாக விழுந்த பெட்டைக் குட்டி பெட்டையாக வளராது. கிடாவும் பெட்டையும் கலந்த உறுப்போடு மலடாக நிற்கும். இரண்டு பக்கமும் ஒற்றைப் பிரதி உள்ள மோழைகள் என்றால் எட்டில் ஒரு குட்டி இப்படி. இரட்டைப் பிரதி உள்ள கிடாக்களிலும் சில, விந்துக்குழாய் அடைத்து மலடாகும்.

இணையில் ஒன்றுக்காவது கொம்பு இருக்கட்டும். குட்டியிலேயே தெரிந்துகொள்ள வேண்டுமானால் தலையைத் தடவிப் பாருங்கள்: கொம்பு வரும் குட்டிக்கு இரண்டு பக்கமும் இரண்டு சுழி, மோழைக்கு நடுவில் ஒரே சுழி. செம்மறிக்கு இந்தச் சிக்கல் இல்லை. மேச்சேரி ஆட்டுக்குக் கொம்பில்லை என்று யாரும் பயப்பட வேண்டாம்.

நாலாவது குட்டிக்காகக் காத்திருப்பது

இரண்டு கடத்திகளைச் சேர்த்தால் மூன்று நல்ல குட்டிக்கு ஒரு குறைக்குட்டி என்பது சராசரிதான்; நாலாவது குட்டி குறையாகவே பிறக்கும் என்று அர்த்தமில்லை. இரண்டு கடத்திகளுக்குப் பிறந்த நாலு குட்டியும் நன்றாக இருக்க 32 சதவீத வாய்ப்பு உண்டு.

பெட்டையைக் கூட்டினால் பட்டி பெருகிவிட்டது என்று எண்ணுவது

மரபணுக் கணக்கில் பட்டியின் அளவு வேறு. கிடா எண்ணிக்கை, பெட்டை எண்ணிக்கை இரண்டையும் பெருக்கி, அதை நாலால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். ஒரு கிடா, 40 பெட்டைக்கு வருவது 3.9. பெட்டையை 80 ஆக்கினாலும் 3.95தான். பெட்டை 40-ஆகவே இருக்க, கிடாவை நாலாக்கினால் 14.5. முதல் பட்டியில் ஒவ்வொரு தலைமுறையிலும் இருக்கும் மரபணு வேறுபாட்டில் எட்டில் ஒரு பங்கு கரையும். எந்த அல்லீல் நிற்கும், எது போகும் என்பதை அங்கே தேர்வு தீர்மானிப்பதைவிடக் குருட்டு அதிர்ஷ்டம் தீர்மானிப்பது அதிகம். சேலம் கருப்பு மாதிரி நம் பக்கத்து இனத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நாலே ஆட்டோடு தொடங்கி வெளிக்கிடா சேர்க்காமல் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்று பட்டிக்காரர்கள் பேசி வைத்துக்கொண்டு கிடாவைச் சுற்றில் விடுங்கள். கிடா, அதன் மகள்கள் பருவத்துக்கு வருமுன், அடுத்த பட்டிக்குப் போய்விட வேண்டும். போகுமுன் புருசெல்லா (கருச்சிதைவு உண்டாக்கும் கிருமி) இரத்தப் பரிசோதனை, போன இடத்தில் மூன்று வாரம் தனிக் கொட்டகை.

உறவுக்குள் சேர்த்தால் கெட்ட அல்லீல் அதிகமாகும் என்பது

அதிகமாகாது. இருப்பது இரட்டையாகச் சேர்ந்து வெளியே வரும், அவ்வளவுதான். மனிதர்களுக்கும் இதே கணக்கு. நூற்றில் ஒரு பிரதி கெட்டது என்றால் வெளியில் கட்டிய ஜோடியின் குழந்தைக்குப் பாதிப்பு வர 10,000-த்தில் 1 வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகள் கட்டினால் அது ஏறக்குறைய 7 மடங்கு, அக்கா மகளைக் கட்டினால் 13 மடங்கு. ஊரில் அந்த அல்லீலின் விகிதம் மாறவே இல்லை. வீட்டில் நோய் தெரிவதுதான் மாறுகிறது. பட்டியில் தகப்பனையும் மகளையும் சேர்ப்பது அக்கா மகள் உறவைப்போல் இரண்டு மடங்கு நெருக்கம்.

எழுதி வைக்காதது

காது வில்லை எண், தாய் எண், கிடா எண், பிறந்த தேதி, குறை. ஐந்து பத்தி, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இரண்டு கிடா ஒன்றாக மேய்ந்தால் கிடா எண்ணை எழுத முடியாது. நாலு மாதத்திலேயே கிடாக்குட்டி வேலையைக் காட்டிவிடும். வேண்டாததை அதற்கு முன் பிரித்துவிடுங்கள், அல்லது காயடித்துவிடுங்கள்.