அந்த 8-ஐ வைத்துக் கதாபாத்திரம் செய்வது எப்படி

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி, கதை சொல்லி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் புதுக் கதாபாத்திரம் உருவாக்க உட்கார்ந்தால் பலருக்கும் கண் முதலில் போவது பெரிய எண்ணுக்குத்தான். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் பகடை உருட்ட விருப்பமில்லாதவர்களுக்காக 15, 14, 13, 12, 10, 8 என்று ஆறு எண்கள் உண்டு, அவற்றை வலிமை, சுறுசுறுப்பு, உடலுரம், அறிவு, விவேகம், வசீகரம் ஆகிய ஆறுக்கும் பிரித்துப் போட வேண்டும். 15 எங்கே போக வேண்டும் என்பதை நீங்கள் எடுக்கும் கிளாஸே, அதாவது போர்வீரன், மந்திரவாதி போன்ற வகையே, சொல்லிவிடும். 8-ஐ எங்கே வைப்பது என்பது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது, கதையை அங்கே தொடங்குங்கள்.

ஒரு வார்லாக்கை எடுத்துக்கொள்வோம். ஏதோ ஒரு பெரிய சக்தியோடு ஒப்பந்தம் போட்டு மந்திரம் பெற்றவன், வசீகரம் 15. அறிவில் 8 வைத்தால்? எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். தங்கையின் காய்ச்சல் இறங்கினால் போதும் என்று, பத்திரத்தில் நாலு பக்கம் தட்டுத்தடுமாறிப் படித்துவிட்டுக் கைநாட்டு வைத்துவிட்டான். தங்கை பிழைத்துக்கொண்டாள். ஆனால் ஒவ்வொரு அமாவாசைக்கும் அண்ணனைப் பற்றிய ஒரு நினைவு அவளுக்கு அழிந்துபோகிறது, அது ஐந்தாம் பக்கத்தில் இருந்தது. மொத்தம் எத்தனை பக்கம் என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள், ஆட்டத்தின் கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டரிடம் விட்டுவிடுங்கள். இனி யார் கடிதம் கொடுத்தாலும் இவன் கூட வருபவர்களில் ஒருவரிடம்தான் நீட்ட வேண்டும், யாரை நம்பி நீட்டுகிறான் என்பதிலேயே உறவு வளர ஆரம்பித்துவிடும்.

முன்கதை அரைப் பக்கம் போதும். முதல் லெவல் விஸார்டுக்கு, அதாவது மந்திரவாதிக்கு, ஹிட் பாயின்ட் என்னும் உயிர்ப்புள்ளி 6, உடலுரம் நன்றாக இருந்தால் ஒன்றிரண்டு கூடும், கோப்ளின் என்ற ஒரு சாதாரண குட்டி அரக்கனின் வாளே ஒரே வெட்டில் 8 புள்ளி வரை பறித்துவிடும். அப்படிப்பட்டவன் போன வருஷம் டிராகனைக் கொன்றான் என்று எழுதினால் முதல் சண்டையிலேயே அந்தக் கதை உடைந்துவிடும். அப்புறம், தயவுசெய்து அப்பா அம்மாவைக் கொன்றுவிடாதீர்கள். ஊரே எரிந்து எல்லாரும் செத்துப்போன அனாதையை வைத்து டன்ஜன் மாஸ்டர் என்னதான் செய்ய முடியும்? உயிரோடு இருக்கும் ஒருவர், தீராத ஒரு கடன், திரும்பிப் போக முடியாத ஒரு ஊர், இவ்வளவு கொடுத்தால் அவருக்குப் பல வாரம் ஓடும்.

முதல் நாள் மேஜையில் வலது பக்கம் இருப்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் செய்த எந்தக் காரியத்தை நீ இன்னும் யாரிடமும் சொல்லவில்லை?" பதில் என்ன வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

நீங்களே டன்ஜன் மாஸ்டர் என்றால், பகடை தோற்கும் இடங்களைக் கவனியுங்கள். பூட்டைத் திறக்க முயன்று தோற்றால் "திறக்கவில்லை" என்று சொல்லிவிடுவது சுலபம், ஆனால் அப்புறம் ஆளாளுக்கு உருட்டிப் பார்ப்பார்கள், கதை அங்கேயே நின்றுவிடும். கதவு திறக்கட்டும். சத்தம் கேட்டு உள்ளே ஒரு பெண் விளக்கைத் தூக்கிப் பிடித்து, வார்லாக்கின் முகத்தை உற்றுப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்கட்டும்.