புற்றுநோய் ஆராய்ச்சி நடைக்குப் பெயர் கொடுத்தாச்சா? இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்

முதல் தடவை கலந்துகொள்ளும் பையன்களும் பெண்களும் பெரும்பாலும் தூரத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். பத்து கிலோமீட்டர் நடக்க முடியுமா, பாதியில் உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று. சில வாரம் பழகினால் நடந்துவிடலாம். பணம் திரட்டுவதுதான் பெரிய வேலை, நடையே அதற்குத்தான். அதனால் அதையே முதலில் பேசிவிடுகிறேன்.

பெயர் கொடுக்கும் முன்பே பார்க்க வேண்டியது ஒன்று: இது விழிப்புணர்வு நடையா, ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் நடையா? இரண்டும் தேவைதான், ஆனால் நன்கொடை கேட்கப் போகிறவருக்கு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். நடத்துவது பதிவு பெற்ற அறக்கட்டளையா, பணம் எந்த ஆய்வுக்குப் போகிறது, ரசீது தருவார்களா என்று அமைப்பாளர்களிடம் நேராகவே கேளுங்கள், கூச்சம் வேண்டாம். பதில் சொல்லத் தயங்கினால் வேறு நடையைப் பாருங்கள். பதினெட்டு வயது ஆகவில்லை என்றால் பெரும்பாலும் அப்பா அம்மா கையெழுத்தும் வேண்டியிருக்கும்.

அடுத்து, “ஆராய்ச்சிக்குக் கொடுத்து என்ன ஆகப்போகுது?” என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். கையில் ஒரு நல்ல பதில் இருக்கட்டும். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் லிம்போபிளாஸ்டிக் வகைதான் அதிகம். 1960-களின் தொடக்கத்தில் அது வந்தால் பத்துப் பிள்ளைகளில் ஒன்று பிழைப்பதே அரிது. இன்றைக்கு நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் பத்தில் ஒன்பது பிள்ளைகள் ஐந்து வருடத்தைத் தாண்டி வாழ்கிறார்கள். எந்த மருந்தை எதனோடு சேர்த்து, எந்த அளவில், எவ்வளவு காலம் கொடுப்பது என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பல வருடம் சோதனை செய்து பார்த்ததில்தான் இந்த மாற்றத்தின் பெரும்பகுதி வந்தது. அந்த மாதிரிச் சோதனைகளுக்கு வருடக்கணக்கில் செலவு ஆகும், அதில் ஒரு பங்கு இப்படி நடந்து சேர்த்த பணமும்தான்.

சரி, எப்படிக் கேட்பது? குரூப்பில் லிங்க் போட்டுவிட்டுக் காத்திருந்தால் எதுவும் வராது, ஏனென்றால் இருநூறு பேர் இருக்கும் இடத்தில் ஒவ்வொருவரும் மற்ற நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, பெயர் சொல்லிக் கேளுங்கள். இப்படி எழுதலாம்: “சித்தப்பா, அடுத்த மாதம் புற்றுநோய் ஆராய்ச்சி நிதிக்காகப் பத்து கிலோமீட்டர் நடக்கிறேன். பாட்டி இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். உங்களால் முடிந்ததைக் கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுத்தால் உதவியாக இருக்கும்.” யார், எதற்கு, எப்போதைக்குள், எல்லாமே அதில் வந்துவிட்டது. முதலில் உங்கள் சேமிப்பிலிருந்து கொஞ்சம் போடுங்கள், அப்புறம் வீட்டுக்கு ரொம்ப நெருங்கியவர்களிடம் கேளுங்கள். பட்டியல் காலியாக இருக்கும்போது யாருக்கும் கை வராது, நாலு பேர் கொடுத்திருப்பதைப் பார்த்தால் ஐந்தாமவர் தானாகக் கொடுப்பார். பதில் வராவிட்டால் ஒரே ஒரு முறை நினைவுபடுத்தலாம், அதற்கு மேல் வேண்டாம். வீட்டில் இப்போது யாருக்காவது சிகிச்சை நடக்கிறது என்று தெரிந்தால் அவர்களிடம் பணம் கேட்காதீர்கள், நலம் விசாரியுங்கள், அது போதும்.

சின்னத் தொகை கேட்க வெட்கப்பட வேண்டியதே இல்லை. எலும்புப் புற்றுநோயால் 1977-ல், பதினெட்டு வயதில், வலது காலை இழந்த டெர்ரி ஃபாக்ஸ், 1980-ல் செயற்கைக் காலோடு கனடாவின் குறுக்கே ஓடக் கிளம்பினார். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரு முழு மாரத்தான் தூரம். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் 143 நாட்களில், 5,373 கிலோமீட்டரோடு நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த வருடம், இருபத்திரண்டு வயதில், இறந்துபோனார். அவர் கேட்டது கனடாவில் ஆளுக்கு ஒரு டாலர், அவ்வளவுதான், அவர் உயிரோடு இருக்கும்போதே அந்தத் தொகை சேர்ந்துவிட்டது.

இனி கால். ஆறு வாரம் இருந்தால் தாராளம். வாரத்துக்கு மூன்று நான்கு நாள் நடங்கள், அதில் ஒரு நாள் மட்டும் நீண்ட நடை, அதன் தூரத்தை வாரத்துக்குப் பத்து சதவீதம் போலக் கூட்டிக்கொண்டே போங்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிறதென்றால் வேகம் சரியாக இருக்கிறது. அன்றைக்குப் போடப்போகும் ஷூவையும் சாக்ஸையும் போட்டுத்தான் பழக வேண்டும், புது ஷூவோடு வந்து பாதியில் நொண்டுகிறவர்களை எல்லா நடையிலும் பார்க்கலாம். பருத்தி சாக்ஸ் வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஈரமும் உரசலும் சேர்ந்தால் கொப்புளம்தான். நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள்.

குதிகாலில் எங்காவது சுரீர் என்று சூடாகத் தெரிந்தால் அடுத்த நிறுத்தம்வரை பொறுக்காதீர்கள், அங்கேயே ஓரமாக உட்கார்ந்து ஷூவைக் கழற்றுங்கள். இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, பிளாஸ்திரியின் நாலு மூலையையும் வட்டமாகக் கத்தரித்து (கூர் மூலை சாக்ஸில் மாட்டி உரிந்துவரும்) சுருக்கமே இல்லாமல் தடவி ஒட்டுங்கள். சாக்ஸை இழுக்காமல் உருட்டி ஏற்றுங்கள். கொப்புளம் வந்தேவிட்டால் மேல்தோலை உரிக்கக் கூடாது. தண்ணீரைத் தாகத்துக்குக் குடித்தால் போதும், பயந்துகொண்டு அளவுக்கு மீறிக் குடிப்பது ரத்தத்தில் உப்பைக் குறைத்து ஆபத்தில் விடும்.

நடக்கும் அன்று நோயிலிருந்து மீண்டவர்களும், வீட்டில் ஒருவரை இழந்தவர்களும் பக்கத்திலேயே நடப்பார்கள். முதுகில் ஒரு பெயரை எழுதி ஒட்டியிருப்பவரிடம் “அவரைப் பற்றிச் சொல்கிறீர்களா?” என்று கேட்கலாம், பேச விருப்பமில்லை என்றால் பேசாமல் கூட நடக்கலாம். “எல்லாம் நல்லதுக்குத்தான்” மட்டும் வேண்டாம், அது அவர்களை இன்னும் நோகடிக்கும். அனுமதி கேட்காமல் படம் எடுக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் இழப்பு இருந்தால், நடுவில் அழுகை வந்தாலும் பரவாயில்லை, ஓரமாக நின்று அழுதுவிட்டு நடங்கள்.

முடித்த மறுநாளே நன்றி அனுப்புங்கள், கொடுத்தவர் ஒவ்வொருவருக்கும், மொத்தம் எவ்வளவு சேர்ந்தது என்ற கணக்கோடு. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாக்குக் கொடுத்தவர்களிடம் அந்த வாரத்துக்குள் கேட்டு வாங்கி, அமைப்பாளர்கள் சொன்ன கடைசித் தேதிக்கு முன் கட்டிவிட்டு ரசீதை அவரவருக்கு அனுப்பிவிடுங்கள்.