பி.டி. பீரியடையும் ஊர்ப் பொட்டலையும் பெரியவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்யும் முறை

எழுபது வயதைத் தாண்டிய ஒருவரிடம் "பள்ளிக்கூடத்தில் என்னென்ன விளையாடினீர்கள்?" என்று கேட்டால், "எல்லாந்தான் விளையாடினோம், இப்போது யார் விளையாடுகிறார்கள்" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். அதற்குமேல் பேச்சு நகராது. குறை பதிலில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. விளையாட்டைப் பற்றிய நினைவு, பெயர்ப் பட்டியலாக மனத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதில்லை. அது ஓர் இடத்தின் அமைப்பாகவும், கையின் பழக்கமாகவும், கூச்சலிட்ட சில சொற்களாகவுமே தங்கியிருக்கிறது. ஆகவே இடத்தையும் கையையும் சொல்லையும் தொட்டுக் கேட்பதே சரியான வழி. என் அம்மாவிடமும் பெரியப்பாவிடமும் தெருவில் உள்ள சில பெரியவர்களிடமும் கேட்டு எழுதியபோது, பல தடவை தவறாகக் கேட்டுப் பார்த்த பிறகுதான் இது எனக்குப் பிடிபட்டது.

கேட்பதற்கு உகந்த நேரம், காலைக் காப்பிக்கும் குளியலுக்கும் இடைப்பட்ட பொழுது. நாற்பது நிமிடத்துக்கு மேல் நீட்டக்கூடாது. தொலைக்காட்சி ஓடாத இடமாக, முடிந்தால் திண்ணையிலோ வாசலிலோ உட்கார வேண்டும். கைப்பேசியின் ஒலிப்பதிவை இயக்குவதற்கு முன் "பதிவு செய்கிறேன்" என்று சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். ஒளிந்து பதிவு செய்வது மரியாதைக் குறைவு. அண்ணன் தம்பி இருவரை ஒன்றாக உட்கார வைத்துக் கேட்பது மிகவும் பயன் தரும், ஏனெனில் ஒருவர் சொல்லும் விதியை மற்றவர் மறுப்பார். அந்தச் சண்டையில்தான் ஆட்டத்தின் நுணுக்கங்கள் வெளிவரும். கணவனையும் மனைவியையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்பது அப்படியல்ல. அம்மாவைக் கேட்ட கேள்விக்கு அப்பா பதில் சொல்லி முடித்துவிடுவார்.

முதலில் வரைபடம்

பழைய மாதக் காலண்டரின் தாளைப் பின்பக்கமாகத் திருப்பி, ஒரு பென்சிலோடு அவர் முன் வைக்க வேண்டும். "பள்ளிக்கூட வாசல் எந்தப் பக்கம் இருந்தது?" என்பதே முதல் கேள்வி. அதன்பின், மணியாகத் தொங்கவிட்டிருந்த தண்டவாளத் துண்டு எங்கே இருந்தது, குடிதண்ணீர்ப் பானை எங்கே இருந்தது, பந்தும் வலையும் பூட்டி வைத்திருந்த அறை எது, எந்த மரத்தடியில் நிழல் விழுந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம். கோடு நேராக வர வேண்டியதில்லை. படம் வரைய வராது என்று தயங்குபவரிடம், அவர் விரலால் காட்டக் காட்ட நாம் வரைந்து, "இங்கேயா, இன்னும் தள்ளியா?" என்று கேட்டால் போதும்.

என் பெரியப்பா தன் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்றே தொடங்கினார். தாளில் ஒரு கட்டம் போட்டு, அதன் மூலையில் ஒரு வேப்ப மரத்தைப் புள்ளியாக வைத்தவர், அந்தப் புள்ளியின் மேலேயே பென்சிலைச் சற்று நேரம் வைத்திருந்தார். பிறகு, தாமதமாக வந்தவர்களை அந்த மரத்தைச் சுற்றி ஐந்து முறை ஓடவிட்டது, மரத்தின் வேரில் கால் இடறி நகம் பெயர்ந்தது, நகத்துக்கு டிரில் மாஸ்டர் தன் சட்டைப் பையிலிருந்த மூக்குப்பொடியை வைத்து அழுத்தியது என்று வரிசையாக வந்தன. நான் நேராகக் கேட்டிருந்தால் இவற்றில் ஒன்றும் வந்திராது.

பள்ளிக்கூடம் முடிந்ததும் ஊருக்கு வர வேண்டும். அந்தக் காலத்தில் விளையாட்டுத் திடல் என்று தனியாக ஒதுக்கிய இடம் பெரும்பாலான ஊர்களில் இல்லை. களத்துமேடு, மந்தை, கோயில் முன்வெளி, வற்றிய கண்மாய், அறுவடை முடிந்த வயல் ஆகியவையே திடல்கள். அவை ஒவ்வொன்றும் ஆண்டு முழுவதும் கிடைப்பவை அல்ல என்பதை மறக்காமல் கேட்க வேண்டும். கதிரடிக்கும் மாதத்தில் களம் கிடைக்காது. கண்மாய் நிரம்பினால் அங்கே நீச்சல்தான். எந்த மாதத்தில் எங்கே விளையாடினார்கள் என்று கேட்டால், பம்பரத்துக்கு ஒரு பருவம், ஆடிக் காற்றில் பட்டத்துக்கு ஒரு பருவம் என்று ஒரு விளையாட்டு நாட்காட்டியே கிடைக்கும். நகரத்தில் வளர்ந்தவரானால் தெருவையும் மொட்டை மாடியையும், பூங்காவின் சிமெண்டுச் சறுக்கு மரத்தையும் சீசாவையும் கேட்க வேண்டும். வெயில் நேரத்தில் அந்தச் சிமெண்டு தொடையைச் சுட்டதை மறந்தவர் எவரையும் நான் பார்த்ததில்லை.

கையில் ஒரு பொருள்

அடுத்த அமர்வுக்கு ஒரு பம்பரமும் சாட்டையும், ஒரு பிடி புளியங்கொட்டை, ஐந்து கூழாங்கற்கள், ஓர் ஓட்டுச் சில்லு, ஒரு சுண்ணக்கட்டி ஆகியவற்றைக் கொண்டுபோக வேண்டும். "இதை எப்படி ஆடுவீர்கள்?" என்று கேட்காமல் பொருளைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பதே நல்லது.

என் அம்மாவுக்கு முழங்கால் வலி. பாண்டி ஆட்டத்தின் விதி முழுதும் மறந்துவிட்டதாகச் சொன்னவர், சில்லைக் கையில் வாங்கியதும் அதைக் கட்டைவிரலால் இரண்டு முறை தடவிப் பார்த்து, "இது ஓரம் கூராக இருக்கிறது, தேய்த்துக் கொண்டு வா" என்றார். வாசற்படியில் தேய்த்துக் கொடுத்தேன். பிறகு கோலப்பொடியை எடுத்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே குனிந்து, இறக்கை வைத்த ஏரோப்ளேன் பாண்டியைக் கைநடுக்கம் இல்லாமல் போட்டார். கடைசிச் சுற்றில் சில்லை நெற்றியில் வைத்து முகத்தை வானத்தைப் பார்த்து நிமிர்த்திக்கொண்டு, கோட்டை மிதிக்காமல் ஒவ்வொரு கட்டமாக நடக்க வேண்டும், ஒவ்வோர் அடிக்கும் "ரைட்டா?" என்று கேட்க, வெளியே நிற்பவர்கள் "ரைட்டு" என்று சொல்ல வேண்டும். ஆங்கிலமே படிக்காத பெண்கள் அந்த ஒரு சொல்லை எங்கிருந்து பிடித்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு. முழுச் சுற்றையும் முடித்தவருக்கு ஒரு கட்டம் "பழம்" ஆகும்; அதில் மற்றவர்கள் கால் வைக்கக்கூடாது. இந்தக் கடைசி விதியை விளக்கும்போது, எதிரே யாரோ கால் வைத்துவிட்டதைப்போல அம்மாவின் குரல் உயர்ந்தது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். உற்சாகத்தில் எழுந்து நொண்டிக் காட்டவும், தண்டால் எடுக்கவும், பச்சைக் குதிரைக்குக் குனியவும் பெரியவர்கள் முனைவார்கள். நாற்காலியைச் சுவரோரமாகப் போட்டு, பக்கத்திலேயே நிற்க வேண்டும். கிட்டிப்புள்ளை மட்டும் கையில் கொடுக்காமல் இருப்பது நலம். அடிக்காமல் இருக்கமாட்டார்கள், அண்டை வீட்டு ஜன்னலுக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

கூச்சல்களை எழுதுதல்

ஆட்டத்தின் பெயரைவிட, ஆட்டத்துக்குள் கத்திய சொற்களே அரியவை. அவை எளிதில் அழிந்துபோகும். பம்பரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் சுற்றிவிட்டுச் சாட்டையால் தூக்கிக் கையில் பிடிப்பது "அபீட்". பிந்தியவனுடைய பம்பரம் வட்டத்துக்குள் வைக்கப்படும். மற்றவர்களின் ஆணி அதில் போடும் பள்ளம் "ஆக்கர்". கோலியில் தோற்றவன் முட்டியால் குண்டைத் தள்ள வேண்டிய தண்டனை, ஆள் தேர்வுக்கான "சா பூ த்ரீ", சண்டைக்குக் "காய்", சமாதானத்துக்குப் "பழம்" என்று இவற்றைக் காதில் விழுந்தபடியே எழுத வேண்டும். பாடப்புத்தகத் தமிழுக்குத் திருத்தி எழுதினால் பதிவு கெட்டுப்போகும். ஒரே ஆட்டம் ஓர் ஊரில் கிட்டிப்புள்ளாகவும் இன்னோர் ஊரில் கில்லியாகவும் இருக்கும். கிளித்தட்டை யாழ்ப்பாணத்தில் தாச்சி என்பார்கள். எந்த ஊர்ச் சொல் என்று ஓரத்தில் குறித்துவைத்தால் போதும்.

ஆட்டத்துக்கு இரண்டு அணியாகப் பிரியும் உத்தி பிரித்தலைப் பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும். சம வலுவுள்ள இரண்டு பேர் தள்ளிப் போய் ஆளுக்கொரு புனைபெயர் வைத்துக்கொண்டு தோளில் கைபோட்டு வருவார்கள், தலைவர்களிடம் "சூரியன் வேண்டுமா, சந்திரன் வேண்டுமா?" என்பதுபோலக் கேட்பார்கள், தலைவர் பெயரைச் சொல்ல, ஆள் அந்தப் பக்கம் போவான். எவ்வளவு நேர்மையான முறை! ஒவ்வொருவருக்கும் தாம் வைத்துக்கொண்ட விசித்திரமான பெயர் ஒன்றாவது நினைவிருக்கும்.

பி.டி. பீரியடுக்கான கேள்விகள்

வகுப்பைப் பற்றிக் கேட்கும்போது ஆசிரியரை என்ன சொல்லி அழைத்தார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம்: டிரில் மாஸ்டரா, பி.டி. வாத்தியாரா, டிரில் டீச்சரா? அவர் எங்கே பயின்றார் என்பது தெரிந்தால் இன்னும் நல்லது. அமெரிக்கரான ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்த ஆசிரியர்கள் பல ஊர்ப் பள்ளிகளுக்குப் போனார்கள். அந்தப் பக்தான் 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியையும் அழைத்துச் சென்றவர். கிராமத்துப் பள்ளியில் திடீரென்று ஒரு வாலிபால் கம்பம் முளைத்ததற்குப் பின்னால் இப்படி ஓர் ஆசிரியரின் வருகை இருக்கக்கூடும்.

ஆணைகளை அவர் வாயாலேயே சொல்லச் சொல்ல வேண்டும். "அட்டேன்ஷன்", "ஸ்டாண்டடீஸ்", "டிஸ்பர்ஸ்" ஆகியவற்றை அந்த மாஸ்டரின் குரலிலேயே சொல்லிக்காட்டுவார்கள். சொல்லும்போதே முதுகு நிமிரும். சடுகுடுவுக்குப் பாடிப்போன பாட்டையும் அப்படியே மூச்சு விடாமல் பாடச் சொல்லலாம், ஆனால் மூச்சுத் தொல்லை உள்ளவரிடம் வேண்டாம்.

இடது வலது தெரியாதவர்களின் ஒரு காலில் ஓலையையும் மறு காலில் சீலைத் துணியையும் கட்டி, "ஓலைக்கால், சீலைக்கால்" என்று சொல்லி நடை பழக்கிய கதையைப் பலர் தம் பள்ளியிலேயே நடந்ததாகச் சொல்வார்கள். பழைய பட்டாளத்தைப் பற்றியும் சொல்லப்படும் கதை அது. மறுத்துப் பேச வேண்டாம். "கேட்ட கதை" என்று நமக்குள் குறித்துக்கொண்டு மேலே போகலாம்.

ஆண்டைக் கணிக்கும்போது நேராக "எந்த வருஷம்?" என்று கேட்டால் குழப்பமே மிஞ்சும். ஒரே வகுப்பை நான்காம் பாரம் என்பவர், ஒன்பதாம் வகுப்பு என்பவரைவிட மூத்த காலத்தவர். பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியவர், 1978இல் மேல்நிலைப் பள்ளி முறை வருவதற்கு முன்பு படித்தவர். நூறு கஜ ஓட்டம் என்று சொன்னால், 1956ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி மெட்ரிக் அளவுகள் பரவுவதற்கு முந்தைய வாடை அதில் இருக்கிறது. ஆனால் பழைய மாஸ்டர்கள் அதன்பிறகும் கஜத்தை விடவில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கோலி காலணாவுக்கு வாங்கியதா, நயா பைசாவுக்கா என்ற கேள்வி 1957க்கு முன்னும் பின்னும் பிரித்துக் காட்டும். வாலிபாலில் "சர்வீஸ் சேஞ்ச்" என்ற சொல் வந்தால், சர்வீஸ் போட்ட அணிக்கு மட்டுமே புள்ளி கிடைத்து, 15இல் செட் முடிந்த காலத்து ஆட்டம் அது.

ஓரத்தில் உட்கார்ந்தவர்கள்

எல்லோருக்கும் பி.டி. பீரியடு மகிழ்ச்சியான நேரமாக இருந்ததில்லை. பெண்களிடம் "எந்த வகுப்பு வரை ஓடி விளையாட விட்டார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். வயதுக்கு வந்ததும் நின்றது, பாவாடை தாவணியோடு வளையப்பந்து ஆடியது, பையன்கள் ஆடும்போது மரத்தடியில் தையல் வேலை செய்தது என்று வேறொரு கதை வரும். இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பியவர், எல்லோருடைய சட்டைகளுக்கும் காவல் இருந்ததைச் சொல்வார். தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாது என்று நிறுத்தப்பட்டவரும், அணி பிரிக்கும்போது கடைசிவரை அழைக்கப்படாதவரும் இருப்பார்கள். வெயிலில் முட்டி போட்டது, பிரம்படி ஆகியவற்றைச் சிரித்துக்கொண்டே சொல்பவரும் உண்டு; அதே நிகழ்ச்சியை இன்றும் சொல்ல முடியாதவரும் உண்டு. பேச்சு நின்றால் நாமும் சற்று நேரம் பேசாமல் இருந்து, தண்ணீர் கொடுத்து, வேறு விஷயத்துக்குப் போக வேண்டும். "அதை எழுதாதே" என்று அவர் சொன்னால் எழுதக்கூடாது. ஒலிப்பதிவிலிருந்தும் அந்தப் பகுதியை நீக்கிவிட வேண்டும்.

சேமித்து வைத்தல்

ஒவ்வொரு பதிவுக்கும் பேசியவர் பெயர், ஊர், பிறந்த ஆண்டு, பேசிய நாள் ஆகியவற்றை அன்றைக்கே எழுதிவிட வேண்டும். மறுநாள் என்று தள்ளினால் கோப்பு எண்ணே மிஞ்சும். வரைபடத்தைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, மூலத்தாளை மடிக்காமல் வைக்க வேண்டும். எழுதியதை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுவதும், வரைபடத்தின் பிரதி ஒன்றை அவரிடமே விட்டு வருவதும் மிக முக்கியம், ஏனெனில் பாதி நினைவு நாம் போன பிறகே திரும்பும்.

பெரியப்பா அந்தப் பிரதியை எட்டு நாள் வைத்திருந்தார். ஒன்பதாம் நாள் விடியற்காலை ஐந்தரைக்குத் தொலைபேசி ஒலித்தது. உடம்புக்கு என்னவோ என்று பதறி எடுத்தேன். "தம்பி, வேப்ப மரம் கிழக்கே இல்லை, மேற்கே. சாயங்கால வெயில் எங்கள் மேல் படாது. அழித்துப் போடு" என்றார்.