பழைய சாரத்தில் ஒரு போர்வை

திருகோணமலையில் மாரி மழை பிடித்துவிட்டால் நான் துணிப் பெட்டியைத் திறந்துவிடுவேன்: அப்பாவின் பழைய சாரங்கள், அம்மம்மாவின் நூல் சேலை, தையற்கடையில் மிஞ்சிய சீத்தைத் துண்டுகள்.

முதலில் எல்லாவற்றையும் துவைத்துக் காயவையுங்கள். ஒருமுறை சிவப்புத் துணியைத் துவைக்காமல் தைத்தேன். முதல் சலவையிலேயே வெள்ளைக் கட்டங்கள் ரோஸ் நிறமாகிவிட்டன.

பிஸ்கட் பெட்டி மட்டையில் 5 அங்குலச் சதுரம் வெட்டி, அதை அளவாக வைத்துத் துணியை வெட்டுங்கள். ஒவ்வோர் ஓரத்திலும் கால் அங்குலம் தையலுக்குப் போய், நாலரை அங்குலம் மிஞ்சும். 8 நிரல், 10 வரிசை என்று 80 சதுரங்களை இணைத்தால் 36க்கு 45 அங்குலம், கைக்குழந்தைக்குத் தாராளம்.

ஒரு வரிசையின் தையல் மடிப்புகளை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் இஸ்திரி போட்டுப் படியவையுங்கள். வரிசைகளைச் சேர்க்கும்போது மடிப்புகள் ஒன்றுக்கொன்று முட்டிப் பூட்டிக்கொள்ளும். விரலால் தடவினாலே தெரியும். அங்கே ஒரு குண்டூசி குத்திவிட்டுத் தைத்தால் நான்கு மூலைகளும் ஒரே புள்ளியில் கூடும்.

நம் வெக்கைக்குப் பஞ்சு வேண்டாம். மேலே இணைத்த சதுரங்கள், நடுவில் நூல் சேலை, அடியில் சாரம். மூன்றையும் சேர்த்து நடுவிலிருந்து வெளிப்புறமாக நூலோட்டுங்கள். விளிம்பு மடித்துத் தைப்பதை மட்டும் நான் சின்னம்மாவிடம் தள்ளிவிடுவேன். என் கைத்தையல் எலி கொறித்தது போலிருக்கும்.