கேட்டுக்குப் பூட்டு, தடத்துக்கு வழக்கு: நிலம் வாங்கியவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு பையன் என் வக்கீல் ஆபீசுக்கு வந்தான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. இங்கே மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு வாங்கி எட்டு மாதம் ஆகிறது. தோப்புக்குப் போகும் தடத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் இரும்பு கேட் வைத்துப் பூட்டிவிட்டார். "பிரச்சினை ஒண்ணும் இல்லீங்க சார், நானே பேசி முடிச்சுட்டேன். சாவியும் கொடுத்துட்டார்" என்று சொல்லி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதத்தை போனில் காட்டினான். படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் என் கையாலேயே நான் எழுதிய கடிதத்துக்கு அச்சு அசல் நகல் அது.

வில்லங்கம் போட்டுப் பாருங்கள், அளந்து வாங்குங்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் அதற்குள் போகவில்லை. கொங்குப் பக்கத்து சிவில் கோர்ட்டுகளில் தடத் தகராறுகளைப் பார்த்துப் பார்த்து, 'ஐயோ, இதைப் போய்ச் செய்துவிட்டாரே' என்று நான் தலையில் கைவைத்த விஷயங்கள் மட்டும் இங்கே.

பூட்டை உடைப்பது

கோபத்தில் முதலில் கை போவது கடப்பாரைக்குத்தான். 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் (நாங்கள் ஈஸ்மெண்ட் ஆக்ட் என்போம்) 36-ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: வழி உரிமை உள்ளவரே ஆனாலும், தடையைத் தானே அகற்றக் கூடாது. உடைத்துவிட்டால் ஸ்டேஷனில் முதல் புகார் கேட் போட்டவருடையதாக இருக்கும். அதுவரை நியாயம் கேட்டுக்கொண்டிருந்த நீங்கள் ஜாமீன் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொன்று, கேட் இருப்பது வேறு, பூட்டிவிட்டுச் சாவி தராமல் இருப்பது வேறு. மோட்டார் ஒயரை அறுத்துக்கொண்டு போகிறார்கள், காட்டுப்பன்றி நுழைகிறது என்று கேட் போட்டவரை எந்த நீதிபதியும் எடுத்த எடுப்பில் வில்லனாகப் பார்க்க மாட்டார். "கேட்டையே பிடுங்கு" என்று நிற்பதைவிட "சாவி கொடு" என்று நிற்பது பலமான நிலை.

தடம் யார் நிலத்தில் போகிறது என்று பார்க்காமல் இறங்குவது

கிராம வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் (கிராமத்து நிலங்களின் வருவாய்த்துறைப் பதிவேடு) முதலில் பாருங்கள். வண்டிப்பாதை புறம்போக்கு என்று இருந்தால் கதையே வேறு. அது அரசு நிலம், ஆக்கிரமிப்பை எடுக்கத் தாசில்தாருக்கு 1905-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பட்டா நிலத்துக்குள் போகும் தடமாக இருந்தால்தான் நான் சொல்லும் மற்றதெல்லாம் பொருந்தும். நான்கு வருடம் சிவில் வழக்கு நடத்திய பிறகு, தடத்தில் முக்கால்வாசி புறம்போக்கு என்று சர்வேயர் சங்கிலி போட்ட அன்றைக்குத் தெரிந்துகொண்டவரை எனக்குத் தெரியும்.

சாவிக்காகக் கையெழுத்துப் போடுவது

நான் பிராக்டீஸ் தொடங்கி மூன்றாவது வருடம். கட்சிக்காரருக்கு வயது அறுபதுக்கு மேல், மஞ்சள் போடும் இரண்டரை ஏக்கர் நிலம். ரோட்டிலிருந்து பக்கத்துத் தோட்டத்து வேலி ஓரமாக எட்டடித் தடம். அவருடைய அப்பா காலத்திலிருந்து அதில்தான் வண்டி போய் வந்தது. யாரையும் கேட்டுப் போனதில்லை, யாரும் தடுத்ததும் இல்லை. அவர் வழக்கின் மொத்த உயிரும் அந்த ஒரு வரியில் இருந்தது. எனக்குத்தான் அப்போது உறைக்கவில்லை.

பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் திருட்டுப் போனது. ஒரே வாரத்தில் கேட் வந்தது, பூட்டும் வந்தது. மழையில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூட்டின்மேல் பால் கவரைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். மஞ்சள் வெட்டு நடக்கும் நேரம், டிராக்டர் ரோட்டிலேயே நிற்கிறது. ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். ஒரு சாவி கொடுக்கிறேன், ஆனால் எழுதிக் கொடுக்கட்டும் என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். நான் உற்சாகமாகப் பேனாவை எடுத்தேன்: "தங்களின் நிலத்தின் வழியாகத் தங்களின் அனுமதியின் பேரில் போய் வருகிறேன். தாங்கள் கேட்கும்போது சாவியைத் திருப்பி ஒப்படைக்கிறேன்." இரண்டு சாட்சிக் கையெழுத்து. எழுதி முடித்து, நடை நன்றாக வந்திருக்கிறது என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன் வேறு. தேங்காய் நார்க் கயிற்றில் கோத்த சாவியை என் கட்சிக்காரர் வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.

அந்தத் தாள் என்ன செய்தது என்றால், ஈஸ்மெண்ட் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, பகிரங்கமாக, சண்டை சச்சரவில்லாமல், இடைவிடாமல், உரிமையாக 20 வருடம் பயன்படுத்தினால் வழியுரிமை நிலைபெறும். (அரசு நிலமென்றால் 30 வருடம்.) இதில் 'உரிமையாக' என்ற சொல்தான் எல்லாம். அனுமதி வாங்கிப் போனால் அது உரிமை ஆகாது, வெறும் லைசென்ஸ். கொடுத்தவர் நினைத்தால் திரும்பப் பெறலாம். நாற்பது வருடம் உரிமையாகப் போன தடத்தை நான் ஒரே தாளில் தயவாக மாற்றிவிட்டேன்.

இரண்டு வருடத்தில் பக்கத்துத் தோட்டம் கை மாறியது. வாங்கியவர் பூட்டை மாற்றினார். கடிதத்தைக் காட்டினோம். அவர் வக்கீல் 59-ஆம் பிரிவைக் காட்டினார்: லைசென்ஸ் கொடுத்தவர் நிலத்தை விற்றுவிட்டால், வாங்கியவரை அந்த லைசென்ஸ் கட்டுப்படுத்தாது. வழக்குப் போட்டோம். குறுக்கு விசாரணையில் அந்தத் தாளை நீட்டி, "இது உங்கள் கையெழுத்துதானே?" என்று கேட்டார்கள். "ஆமாங்க, நம்ம வக்கீல் தம்பிதான் எழுதிக் கொடுத்தாரு" என்று என் பக்கம் கையைக் காட்டினார் பெரியவர். கோர்ட்டில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

வழக்கு தோற்றது. வேறு பக்கத்தில் வாய்க்கால் ஓரமாகப் பத்தடிக் கீற்றை, ஊர் விலையைப்போல மூன்று மடங்கு கொடுத்து வாங்கித்தான் அவர் வண்டி ஓட்டினார். என் ஃபீஸில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அப்படியென்றால் சமாதானமே பேசக் கூடாதா? தாராளமாகப் பேசுங்கள், எழுதவும் செய்யுங்கள். ஆனால் வாசகம் இப்படி இருக்க வேண்டும்: இந்தத் தடத்தில் இன்னாருக்கு மாமூலாக வழிநடை, வண்டிவாகன பாத்தியம் (உரிமை) உண்டு, திருட்டு பயத்துக்காகக் கேட் போட அவர் ஆட்சேபிக்கவில்லை, ஒரு சாவி எப்போதும் அவரிடம் இருக்கும், பூட்டை மாற்றினால் அன்றே புதுச் சாவி தர வேண்டும், இரு தரப்பு வாரிசுகளையும் கிரயம் பெறுகிறவர்களையும் இது கட்டுப்படுத்தும். தடத்தின் அகலத்தை அடியில் போடுங்கள், சர்வே எண்ணைப் போடுங்கள், சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் பதிவு செய்யுங்கள். பதிந்தால் அந்த நிலத்து வில்லங்கச் சான்றில் ஏறிவிடும், நாளைக்கு வாங்குகிறவர் 'தெரியாது' என்று சொல்ல முடியாது. 'அனுமதி', 'தயவு', 'கேட்டுக்கொண்டபடி' என்ற சொற்களில் ஒன்று கண்ணில் பட்டாலும் பேனாவைக் கீழே வையுங்கள்.

இப்போது தாள்கூட வேண்டாம். "அண்ணா, நாளைக்கு டிராக்டர் விட்டுக்கட்டுமா, பர்மிஷன் குடுங்க" என்று வாட்ஸ்அப்பில் மரியாதைக்கு ஒரு வரி போடுகிறார்கள். அதை அப்படியே பிரிண்ட் எடுத்துக் கோர்ட்டில் போடுகிறார்கள். "நாளைக்கு டிராக்டர் வருதுங்கண்ணா" என்று தகவலாகச் சொல்லுங்கள், மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது. பெங்களூர்ப் பையன் விஷயத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் நல்ல மனிதர், கடிதத்தை ரத்து செய்துவிட்டுப் பத்திரமாகப் பதிய ஒத்துக்கொண்டிருக்கிறார். எல்லோருக்கும் அப்படி அமையாது.

பேசிக்கொண்டே நாளைக் கடத்துவது

தை போகட்டும், பங்குனி போகட்டும் என்று இழுப்பார்கள். இரண்டு கணக்கை மனதில் வையுங்கள். கோட்டாட்சியரிடம் போகும் வழி ஒன்று இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 147-ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 166-ஆம் பிரிவு. வருடம் முழுவதும் போகிற தடம் என்றால், விஷயம் அவரிடம் போவதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் அதில் போய் வந்திருக்க வேண்டும். சிவில் வழக்கிலோ, உங்கள் 20 வருடப் பயன்பாடு வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் வந்து முடிந்திருக்க வேண்டும்.

சட்டத்தை விடுங்கள். கோர்ட் அனுப்பும் அட்வகேட் கமிஷனர் வரும்போது தடத்தில் சக்கரம் பதிந்த பள்ளம் இருந்தால் அதை ரிப்போர்ட்டில் எழுதுவார். ஆறு மாதம் பூட்டிக் கிடந்தால் அருகம்புல் மூடியிருக்கும், சில ஊரில் உழுது சோளமே விதைத்திருப்பார்கள். பூட்டிய வாரமே போட்டோ எடுத்து, வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள்.

கட்டைவண்டித் தடத்தில் லாரி விடுவது

ஒருவகை வழியுரிமைக்குள் இன்னொரு வகை அடங்காது, ஈஸ்மெண்ட் சட்டத்தின் 28-ஆம் பிரிவு. நடைபாதை நடைபாதைதான்.

வழக்கில் எல்லாவற்றையும் கேட்பது

'தடம் என் சொந்த இடம். இல்லையென்றால் 20 வருட அனுபோகம். அதுவும் இல்லையென்றால் வேறு வழியே கிடையாது, அவசிய உரிமை' என்று ஒரே மூச்சில் மனு எழுதுகிறார்கள், ஜூனியர்கள்தான் அதிகம். சொந்த இடம் என்றால் அதில் வழியுரிமை என்ற பேச்சே எழாது, அடுத்தவர் நிலத்தில்தான் வழியுரிமை. அவசிய உரிமை வேண்டுமென்றால் இரண்டு நிலமும் ஒரு காலத்தில் ஒரே கையிலிருந்து பாகப்பிரிவினையிலோ கிரயத்திலோ பிரிந்திருக்க வேண்டும், அதற்கு மூலப் பத்திரத்தைத் தோண்ட வேண்டும். அப்புறம், அவசிய உரிமை மாற்று வழி கிடைத்த அன்று போய்விடும். பத்திரத்தில் எழுதிக் கொடுத்த பாத்தியம் அப்படிப் போகாது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லியிருக்கிறது. ஆகவே வாங்கும்போதே, விற்கிறவர் பத்திரத்தின் சொத்து விவரத்தில் 'வண்டித்தட பாத்தியம்' என்ற வரி இருக்கிறதா என்று கடைசிப் பக்கம் வரை படியுங்கள். அந்த வரி இருந்தால் வழக்கில் பாதி வேலை முடிந்தது.

தடத்துக்கு அடியில் பைப் பதிப்பது

போகத்தான் உரிமை. தோண்ட இல்லை.

சாவியைத் தொலைப்பது

இதற்குச் சட்டம் எதுவும் இல்லை. இரண்டு நகல் வெட்டி, ஒன்றை வீட்டில் வையுங்கள்.