சார்லாவில் ஒரு வாரம்: பிரெஞ்சு வீட்டில் தங்கி ஊர் பார்ப்பது எப்படி?

பிரான்ஸின் தென்மேற்கில், தோர்தோன்ய் பகுதியில் இருக்கிறது சார்லா. ஏறக்குறைய 9,000 பேர் வாழும் சின்ன ஊர். போர்தோவிலிருந்து நேரடி ரயில் உண்டு. ஹோட்டலில் தங்கினால் ஒரே நாளில் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். ஒரு குடும்பத்தோடு தங்கினால், அந்த வீட்டு வேலைகளே ஊரைக் காட்டிவிடும்.

1. சாப்பாட்டை முன்கூட்டியே பேசுங்கள்

இங்கே உருளைக்கிழங்கைக்கூட வாத்துக் கொழுப்பில்தான் வதக்குவார்கள். அதனால் வெறுமனே 'சைவம்' என்று எழுதாமல், "முட்டை, பால், சீஸ் சாப்பிடுவேன், இறைச்சி, மீன், வாத்துக் கொழுப்பு வேண்டாம்" என்று பிரித்து எழுதுங்கள்.

2. 'வூ' என்று தொடங்குங்கள்

'வூ' என்பது நம் 'நீங்கள்', 'த்யூ' என்பது 'நீ'. தமிழ் பேசும் நமக்கு இது சட்டென்று பிடிபடும். வீட்டுப் பெரியவர்களிடம் 'வூ'தான். அவர்களாகச் சொன்னால் மாற்றிக்கொள்ளலாம். இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் சேர்ந்து உட்காரும் நேரம் அது.

3. ரொட்டி வாங்கும் வேலையைக் கேட்டு வாங்குங்கள்

இதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்வேன். காலையில் ரொட்டிக் கடைக்குள் நுழைந்ததும் முதலில் "போன்ஜூர்", அதாவது வணக்கம். அதைச் சொல்லாமல் நேராக ரொட்டியைக் கேட்பது மரியாதைக் குறைவு. அப்புறம், "ஊன் திராதிசியோன், சில் வூ ப்ளே", அதாவது பழைய முறையில் செய்த நீள ரொட்டி ஒன்று கொடுங்கள். நடுவில் ஒரு சின்னக் காகிதத்தைச் சுற்றிக் கொடுப்பார்கள், பிடிக்கும் இடம் இன்னும் சூடாக இருக்கும். வரும் வழியில் முனையைக் கிள்ளித் தின்னலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மூன்றாம் நாள் கடைக்காரம்மா நம்மைப் பார்த்ததும் அவரே முந்திக்கொண்டு "போன்ஜூர்" சொல்வார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

4. பெரிய தெருவிலிருந்து விலகி நடங்கள்

ஊரை இரண்டாகப் பிளக்கும் நேர் தெருவை 'திராவெர்ஸ்' என்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பழைய வீடுகளுக்கு நடுவே வெட்டியது. கிழக்கே பேராலயமும் கூட்டமும். மேற்கே ஏறும் சந்துகளில் அமைதி. மாலை வெயிலில் தேன் நிறக் கல் சுவர்களை அங்கேதான் நின்று நிதானமாகப் பார்க்க முடியும். பழைய நகரப் பகுதிகளைக் காக்க 1962-இல் வந்த மால்ரோ சட்டத்தின்கீழ் முதலில் புதுப்பிக்கப்பட்ட ஊர்களில் சார்லாவும் ஒன்று. இந்தச் சுவர்கள் தப்பியது அதனால்தான். மதியம் பல கடைகளைப் பூட்டிவிடுவார்கள். நடப்பதற்கு அதுவே நல்ல நேரம்.

5. சனிக்கிழமைச் சந்தைக்குக் குடும்பத்தோடு போங்கள்

கூடையை நீங்கள் தூக்கிக்கொள்ளுங்கள். வால்நட், ஆட்டுப்பாலில் செய்த கபெக்கு என்ற குட்டி வட்டச் சீஸ், பருவத்தில் ஸ்ட்ராபெர்ரி எல்லாம் கிடைக்கும். வீட்டம்மா எந்தக் கடையில் நின்று பேசுகிறார் என்று கவனியுங்கள். அடுத்த முறை தனியாக அங்கேயே போகலாம். பக்கத்தில் பழைய சேன்ட் மரி தேவாலயம் இப்போது உள்சந்தையாக இருக்கிறது. அதன் பிரம்மாண்டமான எஃகுக் கதவுகள், சிறுவயதில் இந்த ஊரில் வளர்ந்த கட்டடக் கலைஞர் ஜான் நூவெல் வடிவமைத்தவை.

வீட்டுக்கு வந்ததும் கூடையை வைத்துவிட்டு அறைக்குள் போய்விடாதீர்கள். சுத்தியலை வாங்கி, அவர்களோடு உட்கார்ந்து வால்நட் உடையுங்கள்.